ரூட்டிங் டேபிளுக்கு எவ்வளவு மெமரி? - ஒரு எண்ணின் வரலாறு

ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகைக் கணினி ஒன்றில் 'விஎம்ஸ்டாட் -எம்' என்று கட்டளை கொடுத்தால் ஒரு நீளமான பட்டியல் வந்து விழும். கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் மையப்பகுதி, எந்த வேலைக்கு எவ்வளவு மெமரி எடுத்து வைத்திருக்கிறது என்கிற கணக்கு அது. அதில் 'ரூட்டேபிள்' என்று ஒரு வரி உண்டு. ரூட்டிங் டேபிளுக்கு, அதாவது எந்த முகவரிக்குப் போகும் பாக்கெட்டை எந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்ற வழி அட்டவணைக்கு, கெர்னல் செலவழித்திருக்கும் இடம். பக்கத்தில் சில எண்கள். அவ்வளவுதான்.

கணினித் துறை நண்பர்கள் "இத்தனை கிலோபைட், இதில் என்ன யோசிக்க இருக்கு?" என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். வணிகவியல் படிப்பவனுக்கு அது பேரேட்டில் ஒரு கணக்கு மாதிரி தெரிகிறது. பேரேட்டில் ஒரு தொகையைப் பார்த்தால் எங்களுக்குச் சில கேள்விகள் கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இது இன்றைய இருப்பா, இடையில் தொட்ட உச்சமா? உண்மையில் செலவானதா, ஒதுக்கி வைத்ததா? இதில் வேறு யாருடைய செலவாவது கலந்திருக்கிறதா? இதன் மீதி வேறு எந்தக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது?

இணையத்தின் வரலாற்றைப் படித்தால், ரூட்டிங் டேபிள் மெமரி பற்றி இந்தக் கேள்விகளை யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்துக் கேட்கவில்லை என்பது தெரிகிறது. பெரும்பாலும் எங்கோ ஒரு நெட்வொர்க் படுத்த பிறகோ, படுக்கப் போகிறது என்று பயந்த பிறகோதான் ஒவ்வொரு கேள்வியும் பிறந்திருக்கிறது. அந்தக் கதைதான் இது.

24 கிலோபைட்டில் ஒரு ரூட்டர்

1969-ல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் தொடங்கியபோது ரூட்டர் என்ற பெயரே கிடையாது. அந்த வேலையைச் செய்த பெட்டிக்கு 'இம்ப்' என்று பெயர். பிபிஎன் என்ற நிறுவனம், ஹனிவெல் டிடிபி-516 என்ற கணினியை எடுத்து அதற்கான நிரலை எழுதியது. அதன் மெமரி 12 ஆயிரம் சொற்கள், ஒவ்வொன்றும் 16 பிட். நம் கணக்கில் 24 கிலோபைட். நிரல், ரூட்டிங் டேபிள், வழியில் காத்திருக்கும் பாக்கெட்டுகள் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்! டேபிள் சின்னதுதான். இருப்பதே சில டஜன் இம்ப்கள் என்பதால் மெமரி போதுமா என்ற கேள்வி எழவில்லை.

வேறு ஒரு கேள்வி எழுந்தது. 1980 அக்டோபர் 27 அன்று அர்ப்பாநெட் முழுவதும் சில மணி நேரம் செயலிழந்தது. ஒவ்வொரு இம்ப்பும் தன் இணைப்புகளின் நிலையை மற்றவர்களுக்கு அறிவிக்கும். அந்த அறிவிப்புகளுக்கு வரிசை எண் உண்டு. புதிய எண் வந்தால் பழையதைத் தூக்கி எறிய வேண்டும். அன்று ஒரு இம்ப்பின் மெமரியில் பிட்டுகள் உதிர்ந்து, ஒரே இம்ப்பின் அறிவிப்புகள் 8, 40, 44 என்று மூன்று எண்களோடு சுற்ற ஆரம்பித்தன. எண்கள் 63-க்குப் பிறகு மறுபடி 0-வில் தொடங்கும் வட்டம் என்பதால் 8-ஐ விட 40 புதியது, 40-ஐ விட 44 புதியது, 44-ஐ விட 8 புதியது! கடிகார முள் மாதிரி முடிவே இல்லாமல் மூன்றும் ஒன்றையொன்று விரட்டின.

பொறியாளர்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? மெமரியைப் படித்துத்தான். செயலிழந்த இம்ப்களின் மெமரி நகலை எடுத்துப் பார்த்தபோது, காத்திருக்கும் வரிசை முழுக்க ஒரே ஒரு இம்ப்பின் அறிவிப்புகள் கிடந்தன. எரிக் ரோசன் எழுதிய ஆர்.எஃப்.சி. 789 என்ற ஆவணத்தில் இதன் முழு விவரம் இருக்கிறது. கம்பியில் போகும்போது பாக்கெட்டுக்குச் சரிபார்ப்பு இருந்தது. மெமரியில் கிடக்கும்போது இல்லை. மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது மட்டும் போதாது, எதனால் நிரம்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது இங்கே கிடைத்த முதல் பாடம்.

பெர்க்லியில் ஒரு மரம்

1980-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பிஎஸ்டி யூனிக்ஸ், இணைய நெறிமுறைகளை ஏகப்பட்ட கணினிகளுக்குக் கொண்டு சேர்த்தது. அதன் ஆரம்ப ரூட்டிங் டேபிள் ஹாஷ் முறையில் இருந்தது. 1990-ல் வந்த 4.3பிஎஸ்டி-ரினோவில் அது மாறியது. கீத் ஸ்க்லோவர் அதை ஒரு மரமாக மாற்றி எழுதினார். 1991-ல் அது பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்.

மரம் ஏன்? பின்கோடை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கத்தைப் பார்த்தாலே எந்த மண்டலம் என்று தெரியும். முதல் மூன்றைப் பார்த்தால் எந்தப் பிரிப்பு மாவட்டம் என்று தெரியும். கடிதம் பிரிப்பவர், தன்னிடம் உள்ள பைகளில் எது அதிக இலக்கங்கள் பொருந்துகிறதோ அதில் போடுவார். ரூட்டரும் அப்படித்தான். முகவரியின் முன்பகுதி எவ்வளவு நீளம் பொருந்துகிறதோ அந்த வழிக்கு முன்னுரிமை. பிட் பிட்டாகக் கிளை பிரியும் மரம் இதற்குத் தோதானது.

ஆனால் மரத்துக்கு ஒரு செலவு உண்டு. இலைகள் மட்டும் இருந்தால் மரம் ஆகாது, கிளை பிரியும் கணுக்களும் வேண்டும். அதனால் ஸ்க்லோவரின் அமைப்பில் ஒவ்வொரு வழிக்கும் இரண்டு கணுக்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஒன்று இலைக்கு, இன்னொன்று கிளைக்கு.

அடுத்த செலவு, மெமரியைப் பிரித்துக் கொடுக்கும் முறையில் இருந்தது. மெக்யூசிக்கும் கேரல்ஸும் 1988-ல் விவரித்த பிஎஸ்டி கெர்னலின் ஒதுக்கீட்டு முறை, சின்னக் கோரிக்கைகளை 16, 32, 64, 128, 256 என்று இரண்டின் அடுக்குகளுக்கு உயர்த்திக் கொடுக்கும். 140 பைட் கேட்டால் 256 பைட் கிடைக்கும். மீதி 116 பைட் யாருக்கும் பயனில்லாமல் உள்ளேயே கிடக்கும். துணிக்கடையில் ஒன்றே கால் மீட்டர் கேட்டவருக்கு இரண்டு மீட்டராகத்தான் தருவோம் என்கிற கதை. வேகத்துக்காகத் தெரிந்தே செய்த ஏற்பாடு இது. ஆனால் கணக்கைப் படிப்பவர் 'ஒரு வழிக்கு இத்தனை பைட்' என்று நிரலைப் பார்த்துப் பெருக்கினால் விடை ஒத்துவராது.

அந்த ஒதுக்கீட்டு முறையோடு வந்த நல்ல பழக்கம்தான் தலைப்பு வாரியாகக் கணக்கு வைப்பது. 'விஎம்ஸ்டாட் -எம்' காட்டும் பட்டியலின் மூலம் அதுவே. இப்போது பயன்பாட்டில் உள்ளவை எத்தனை, எவ்வளவு மெமரி, இதுவரை தொட்ட உச்சம் எவ்வளவு, மொத்தம் எத்தனை முறை கேட்கப்பட்டது என்று தனித்தனிப் பத்திகள். இன்றைய இருப்பையும் உச்சத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றைய இருப்பு குறைவாகவும் உச்சம் மிக அதிகமாகவும் இருந்தால், இடையில் ஏதோ நடந்து முடிந்திருக்கிறது என்று பொருள்.

யாருடைய செலவு?

1989-ல் சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும், மதிய உணவு மேசையில் கைதுடைக்கும் காகிதங்களில் ஒரு நெறிமுறையை வரைந்தார்கள். அதுதான் இன்றுவரை இணையத்தை ஒட்டவைத்திருக்கும் பி.ஜி.பி. ஒவ்வொரு நெட்வொர்க்கும் "இந்த முகவரித் தொகுதி என்னிடம் இருக்கிறது" என்று பக்கத்து நெட்வொர்க்கிடம் சொல்லும். பக்கத்தில் இருப்பவர் அதற்கடுத்தவரிடம் சொல்வார். கடைசியில் உலகில் உள்ள ஒவ்வொரு பெரிய ரூட்டரிலும் அது ஒரு வரியாக உட்காரும்.

இங்கேதான் கதை பொருளாதாரமாக மாறுகிறது. ஒரு நெட்வொர்க் தன் முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவித்தால் உலகெங்கும் ஒரு வரி. அதையே 16 துண்டுகளாக அறிவித்தால் 16 வரி. அறிவிப்பவருக்கு இதனால் ஒரு பைசா செலவில்லை. மெமரி வாங்கிப் போடுவது மற்றவர்கள். எங்கள் பாடத்தில் இதற்குப் 'புறவிளைவு' என்று பெயர். தொழிற்சாலைப் புகையை உதாரணமாகச் சொல்வார்கள். ரூட்டிங் டேபிள் அதைவிடச் சுத்தமான உதாரணம் என்பேன்.

1991 முடிவில் அமெரிக்க முதுகெலும்பு நெட்வொர்க்கான என்எஸ்எஃப்நெட்டின் டேபிளில் ஏறத்தாழ 4,300 நெட்வொர்க்குகள். 1992 முடிவில் ஏறத்தாழ 8,500. ஒரே வருடத்தில் இரட்டிப்பு. அப்போது முகவரிகள் ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் மட்டுமே தரப்பட்டன. பி வகை மொத்தமே 16 ஆயிரம் சொச்சம், தீர்ந்துகொண்டிருந்தது. சி வகை 20 லட்சத்துக்கு மேல். ஆனால் ஒவ்வொன்றும் தனி வரி. பி கிடைக்காதவர்களுக்கெல்லாம் கைநிறைய சி கொடுத்தால் அன்றைய ரூட்டர்களின் மெமரி தாங்காது.

1993 செப்டம்பரில் வெளிவந்த 'சைடர்' முறை (ஆர்.எஃப்.சி. 1519) இதற்கு மருந்தானது. மூன்று அளவுகள் ஒழிந்தன. முகவரித் தொகுதி எந்த நீளத்திலும் இருக்கலாம். பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளைச் சேர்த்து ஒரே வரியாக அறிவிக்கலாம். முகவரியை மிச்சம் பிடித்த திட்டமாகத்தான் இது பலருக்குத் தெரியும். ஆனால் ரூட்டர் மெமரியை மிச்சம் பிடிப்பதும் அதன் சரிபாதி நோக்கம்.

முறை வந்தால் போதுமா, பின்பற்ற வேண்டாமா? 1990-களின் நடுவில் அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் நிறுவனம், புதிதாக ஒதுக்கப்பட்ட முகவரிப் பகுதிகளில் /19 என்ற அளவை விடச் சிறிய துண்டுகளை ஏற்க மாட்டோம் என்று வடிகட்டி போட்டது. சிறிய நிறுவனங்கள் கொதித்தன. பெரியவன் வைத்ததுதான் சட்டமா என்று சண்டை. ஆனால் ஸ்பிரிண்டின் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது: உன் வரிக்கு என் ரூட்டரில் இடம் கொடுப்பது என் செலவு, அதற்கு நீ எனக்கு எதுவும் தருவதில்லை. டோனி பேட்ஸ் தொடங்கிய 'சைடர் ரிப்போர்ட்' வேறு வழியில் போனது. யார் யார் எத்தனை வரிகளைச் சேர்த்துக் குறைத்திருக்கலாம் என்று பெயரோடு வாராவாரம் பட்டியல் போட்டது. அபராதம் கிடையாது, வெட்கம் மட்டுமே தண்டனை :-)

இந்தப் புறவிளைவு எவ்வளவு தூரம் போகும் என்பது 1997 ஏப்ரல் 25 அன்று தெரிந்தது. வர்ஜீனியாவில் இருந்த ஒரு சிறிய இணைய சேவை நிறுவனத்தின் (அதன் நெட்வொர்க் எண் 7007) ரூட்டர், உலக டேபிளின் பெரும்பகுதியை /24 துண்டுகளாக நறுக்கி, எல்லாம் தன்னுடையவை என்று வெளியே அறிவித்துவிட்டது. சின்னத் துண்டுக்குத்தான் முன்னுரிமை என்று மேலே பார்த்தோமே? உலகப் போக்குவரத்து அந்தச் சிறிய நிறுவனத்தை நோக்கித் திரும்பியது. அதோடு, டேபிள் திடீரென வீங்கியதால் எங்கெங்கோ இருந்த ரூட்டர்கள் திணறி விழுந்தன. அந்த ரூட்டரின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் தவறான வரிகள் சிறிது நேரம் உலகில் சுற்றிக்கொண்டிருந்தன. விழுந்த ரூட்டர்களின் சொந்தக்காரர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வழியா, வழிப்போக்கரா?

இதுவரை பார்த்தது வழிகள் பெருகிய கதை. வழிகளே பெருகாமல் மெமரி மட்டும் பெருகும் கதையும் இருக்கிறது. கெர்னல் புள்ளிவிவரத்தைப் படிப்பவர்கள் அதிகம் ஏமாந்தது இங்கேதான்.

பிஎஸ்டியில் 'குளோனிங்' என்றொரு ஏற்பாடு இருந்தது. ஒரு பொது வழியைப் பயன்படுத்தி ஒரு கணினியோடு பேசினால், அந்தக் கணினிக்கென்றே அந்த வழியின் நகல் ஒன்று டேபிளில் உருவாகும். அதோடு பேசிய அனுபவத்தை (தாமதம் எவ்வளவு, எவ்வளவு பெரிய பாக்கெட் போகும்) அதில் குறித்து வைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் ஆயிரக்கணக்கான பேர் வந்துபோகும் வலை சர்வரில் என்ன ஆகும்? நிர்வாகி போட்டு வைத்த வழிகள் நான்கோ ஐந்தோ. டேபிளில் ஆயிரக்கணக்கான வரிகள். 'ரூட்டேபிள்' கணக்கு வீங்கிக் கிடக்கும். அது வழிகளின் கணக்கே அல்ல, வந்துபோன வாடிக்கையாளர்களின் கணக்கு! 2003 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி இந்த அனுபவக் குறிப்புகளை 'டிசிபி ஹோஸ்ட்கேஷ்' என்ற தனி இடத்துக்கு மாற்றி, அந்த வகைக் குளோனிங்கை எடுத்துவிட்டது. கணக்கியல் மொழியில் சொன்னால், தவறான தலைப்பில் எழுதிவந்த செலவைச் சரியான தலைப்புக்கு மாற்றினார்கள்.

லினக்ஸில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. அதில் வழிகள் ஓரிடத்தில், அண்மையில் தேடிய விடைகள் 'ரூட் கேஷ்' என்ற இன்னோரிடத்தில். அனுப்புநர், பெறுநர் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் கேஷில் ஒரு பதிவு. கெர்னலின் மெமரிக் கணக்கான 'ஸ்லாப்இன்ஃபோ'வில் இது 'ஐபி டிஎஸ்டி கேஷ்' என்ற பெயரில் வரும். வழிகளுக்கு 'ஐபி ஃபிப்' என்று தொடங்கும் வேறு வரிகள். முன்னதைப் பார்த்துவிட்டு "ரூட்டிங் டேபிள் இவ்வளவு மெமரி தின்கிறதே" என்று கவலைப்பட்டவர்கள் பலர். நியாயமான கேள்வி வேறு: அந்தப் பதிவுகளை உருவாக்குவது யார்?

விடை, பாக்கெட் அனுப்பும் யாரும். பொய்யான அனுப்புநர் முகவரிகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒருவர் பாக்கெட்டுகளைக் கொட்டினால் ஒவ்வொன்றுக்கும் புதுப் பதிவு. கேஷ் நிரம்பினால் 'டிஎஸ்டி கேஷ் ஓவர்ஃப்ளோ' என்று கெர்னல் புலம்ப ஆரம்பிக்கும். 2003-ல் இதைவிட நுட்பமான குறை ஒன்று வெளியானது. எல்லாப் பதிவுகளும் ஹாஷ் டேபிளின் ஒரே பெட்டியில் போய் விழும்படி முகவரிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், மெமரி நிரம்புவதற்கு முன்பே தேடித் தேடி ப்ராசஸர் களைத்துவிடும். மெமரி எண் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் கணினி மூச்சுவிடாது. மொத்தத் தொகையைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது, அது எப்படிப் பரவியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இந்த நோய்க்கு நிரந்தர மருந்து இரண்டு படிகளில் வந்தது. ஸ்டெஃபான் நில்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1990-களில் உருவாக்கிய சுருக்க மர முறையை எடுத்து, ராபர்ட் ஓல்சனும் மற்றவர்களும் லினக்ஸுக்காக எழுதிய 'ஃபிப் ட்ரை' 2005-ல் 2.6.13 பதிப்பில் சேர்ந்தது. மரத்தில் தேடுவதே வேகமாகிவிட்ட பிறகு விடைகளைத் தனியாக மனப்பாடம் செய்து வைப்பானேன்? 2012 ஜூலையில் டேவிட் மில்லர் ஐபி பதிப்பு 4-க்கான ரூட் கேஷை அடியோடு நீக்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 3.6 பதிப்பிலிருந்து அது கிடையாது. அதற்குப் பின் இந்த மெமரி ஊர்பேர் தெரியாதவர்கள் அனுப்பும் பாக்கெட்டுகளைப் பொறுத்து ஏறி இறங்காமல், பெரும்பாலும் வழிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமைந்தது.

கணக்கை வாசிப்போம்

லினக்ஸில் 'ப்ராக்' அடைவுக்குள் 'நெட்' அடைவில் 'ஃபிப்_ட்ரைஸ்டாட்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் இலைகள், முகவரித் தொகுதிகள், உள்கணுக்கள், சுட்டிகள், வெற்றுச் சுட்டிகள், மொத்த அளவு என்று வரிசையாக வரும். மரத்தின் சராசரி ஆழமும் அதிகபட்ச ஆழமும் கூட இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இலைகள் 10,000, உள்கணுக்கள் 2,500, சுட்டிகள் 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்டி என்பது கணுவிலிருந்து கீழே உள்ளதைக் காட்டும் கை. வேரைத் தவிர ஒவ்வொரு கணுவையும் ஒவ்வொரு இலையையும் ஒரு கை காட்ட வேண்டும். ஆக வேலை செய்யும் சுட்டிகள் 12,499. மீதி 3,501 வெறும் கைகள். 64 பிட் கணினியில் சுட்டி ஒன்றுக்கு 8 பைட் என்றால் ஏறத்தாழ 27 கிலோபைட் காலியாகக் கிடக்கிறது.

இது வீணா? இல்லை. கைகள் அதிகம் இருந்தால் மரம் அகலமாகும், ஆழம் குறையும், தேடுவது வேகமாகும். ஒரு கணுவின் கைகள் போதிய அளவு நிரம்பினால் கெர்னல் அதை இருமடங்காக விரிக்கும். ரொம்பக் காலியானால் பாதியாகச் சுருக்கும். கடையில் வைத்திருக்கும் கையிருப்புச் சரக்கு மாதிரிதான், வேகத்துக்காக மெமரியை விலையாகக் கொடுப்பது.

இன்னும் மூன்று விஷயங்கள். ஒன்று, இலைகளின் எண்ணிக்கையும் தொகுதிகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல; ஒரே இடத்தில் தொடங்கும் பெரிய தொகுதியும் சிறிய தொகுதியும் ஒரே இலையில் தங்கும். இரண்டு, அடுத்த ரூட்டர் யார் என்ற தகவல் இந்த மொத்தத்தில் சேராது. அது தனியாக இருக்கிறது, ஒரே வழியில் போகும் ஆயிரம் தொகுதிகளும் அதைப் பகிர்ந்துகொள்ளும். மூன்றாவதுதான் மிக முக்கியம். பேர்ட் போன்ற பி.ஜி.பி. நிரல்கள் கெர்னலுக்கு வெளியே ஓடுகின்றன. நான்கு பக்கத்து நெட்வொர்க்குகள் ஒரே தொகுதிக்கு நான்கு வழி சொன்னால், நான்கையும் அவைதான் வைத்திருக்கும்; வென்ற வழி மட்டும் கெர்னலுக்கு இறங்கும். கெர்னல் கணக்கை மட்டும் பார்த்து மெமரி வாங்கினால் மாட்டிக்கொள்வோம்.

'ஸ்லாப்இன்ஃபோ'விலும் இதே எச்சரிக்கை வேண்டும். அதில் 'உயிரோடு உள்ளவை' ஒரு பத்தி, 'ஒதுக்கப்பட்டவை' இன்னொரு பத்தி. ஒரு லட்சம் வழிகளை நீக்கினால் முதல் எண் உடனே இறங்கும். இரண்டாவது அப்படி இறங்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பொருள் மிஞ்சினாலும் அந்தப் பக்கம் முழுவதும் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரே ஒரு பயணியோடு ஓடும் பேருந்து மாதிரி. இதைப் பார்த்து 'மெமரி கசிகிறது' என்று முடிவுகட்டக் கூடாது.

இடம் இருந்தும் இடமில்லை

இத்தனையும் சரியாக வாசித்தாலும் தவறக்கூடிய ஒரு கேள்வி உண்டு: தீரப்போவது எந்த மெமரி?

பல பெரிய ரூட்டர்களில் பாக்கெட்டுகளைத் தள்ளும் வேலையைச் சாதாரண மெமரி செய்வதில்லை. 'டீகேம்' என்ற தனி வகை மெமரி செய்கிறது. எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் திறன் அதற்கு உண்டு. அதனால் விலையும் அதிகம், மின்சாரமும் அதிகம், அளவும் குறைவு. 2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த இணையக் கட்டமைப்புக் குழுவின் பட்டறையில் (ஆர்.எஃப்.சி. 4984) இது பற்றி எச்சரித்தார்கள். வீட்டுக் கணினியின் மெமரி கோடிக்கணக்கில் விற்பதால் விலை சரிகிறது. ரூட்டருக்கான தனி மெமரிக்கு அந்தச் சந்தை கிடையாது, அந்த வேகத்தில் விலை இறங்கும் என்று நம்பாதீர்கள் என்றார்கள்.

2014-ல் அது நடந்தது. சிஸ்கோவின் 6500, 7600 வரிசையில் பரவலாக ஓடிய சில மாடல்களில், ஐபி பதிப்பு 4-க்கு 512 கே, அதாவது 5,24,288 வரிகள் என்பதே ஆலையில் வைத்த அளவு. மீதி இடம் பதிப்பு 6-க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உலக டேபிள் ஐந்து லட்சத்தைத் தாண்டி அந்தக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சிஸ்கோ மாதங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது: ஒதுக்கீட்டை மாற்றுங்கள், ஒருமுறை ரூட்டரை நிறுத்தி இயக்குங்கள். பலர் செய்யவில்லை. ஓடுகிற ரூட்டரை நிறுத்த யாருக்கு மனசு வரும்?

ஆகஸ்ட் 12 அன்று வெரைசன் நிறுவனம், சேர்த்து அறிவிக்க வேண்டிய முகவரிகளைத் தவறுதலாகத் துண்டு துண்டாக அறிவித்தது. ஏறத்தாழ 15,000 வரிகள். சிறிது நேரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் பல இடங்களில் கோடு தாண்டப்பட்டுவிட்டது. டீகேமில் இடம் கிடைக்காத வழிகள் சாதாரண ப்ராசஸர் வழியாகப் போக முயல, அது மூச்சுத் திணற, ஈபே உட்படப் பல தளங்களும் சேவைகளும் தடுமாறின. அந்த ரூட்டர்களின் பொது மெமரிக் கணக்கைப் பார்த்திருந்தால் தாராளமாக இடம் இருப்பதாகவே தெரிந்திருக்கும். கல்லாவில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் சொத்து மதிப்பைப் பார்த்துச் சம்பளம் கொடுக்கக் கிளம்பிய முதலாளியின் நிலைதான். சொத்து இருக்கிறது, கையில் காசில்லை.

கணக்கு இன்னும் முடியவில்லை

2001 வாக்கில் ஒரு லட்சமாக இருந்த பதிப்பு 4 டேபிள், 2024 முடிவில் பத்து லட்சத்தை ஒட்டி வந்தது. பதிப்பு 6 டேபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது. பதிப்பு 4-ல் பாதிக்கும் மேல் /24 துண்டுகள், அதாவது பொதுவாக ஏற்கப்படும் மிகச் சிறிய அளவு. முகவரிகள் தீர்ந்துபோய், கைமாறி, சிறு சிறு துண்டுகளாக விற்கப்படும் காலத்தில் இது இயல்புதான். ஒவ்வொரு விற்பனைக்கும் விலை உண்டு. அந்த விற்பனையால் உலகெங்கும் ரூட்டர்களில் கூடும் வரிக்கு மட்டும் இன்னும் விலை கிடையாது.

நாம் வாடகைக்கு எடுக்கும் சர்வரும், வீட்டுக்கு வரும் இணைப்பும் கடைசியில் இந்த டேபிளைத் தாங்கும் ரூட்டர்களின் மேல்தான் ஓடுகின்றன. அந்தச் செலவு எந்த ரசீதிலும் தனி வரியாக வருவதில்லை, மாதக் கட்டணத்துக்குள் கரைந்துவிடுகிறது. கெர்னல் மட்டும் அதை ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அந்த வரியைத் திறந்து பாருங்கள். எத்தனை கிலோபைட் என்பதோடு நிறுத்தாமல் எதனால் நிரம்பியது, யார் நிரப்பியது, எவ்வளவு காலி, எது முதலில் தீரும் என்று நான்கும் கேளுங்கள். இணையம் ஐம்பது வருடத்தில் அடிபட்டுக் கற்றுக்கொண்ட கேள்விகள், நமக்கு இலவசம் :-)